இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கிறவர்

அவரிடம் எதையும் ஒரு தடவை சொன்னால் போதாது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "எறையூர் போவுங்களா?" என்று கண்டக்டரைக் கேட்பார். "போவும் போவும், ஏறுங்க" என்பார் அவர். இவர் நேராக முன்பக்கம் போய், "அண்ணே, எறையூர் போவுங்களா?" என்று டிரைவரைக் கேட்பார். "ஏம்மா, நான் சொன்னா ஆவாதா? போர்டு வேற போட்டிருக்குல்ல?" என்று ஒருநாள் கண்டக்டர் ஒருவர் சத்தமே போட்டுவிட்டார். "கோச்சுக்காதீங்கண்ணே, இன்னொரு தடவ கேட்டா தப்பில்லையே" என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பெரம்பலூர் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. அதில் கம்ப்யூட்டர் துறையில் நாங்கள் இருவரும் லெக்சரர்கள். நான் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருவேன், அவர் எறையூரிலிருந்து. அவருடைய அப்பா அங்கே சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்லூரியில் எல்லோருக்கும் அவர் 'எறையூர் மேடம்'. பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைக் கேட்டீங்களா சார்?" என்று ஒரு தடவை கேட்பார், நான் பதில் சொன்ன பிறகு இன்னொரு தடவையும் கேட்பார். அதற்கு எனக்குத் தெம்பு கிடையாது.

ப்ராக்டிகல் தேர்வு என்றால் பையன்களுக்கு இவரை நினைத்தே பயம். சரியான பதிலைச் சொன்ன பிறகும், "நிஜமாவா?" என்பார். அவ்வளவுதான், பாதிப் பேர் பதிலை மாற்றிவிடுவார்கள்.

"மொதல்ல சொன்னதுதாம்ப்பா சரி. ஏன் மாத்துன?"

"நீங்க கேட்டீங்களே மேடம்."

"கேட்டா மாத்திடுவியா? அப்ப ஒனக்குத் தெரியாது."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு எரிச்சலாக வரும். சொன்ன பதிலுக்கு மார்க்கைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? ஆனால் ஒன்று. அவரிடம் தேறிய பையன் வேறு யாரிடமும் தடுமாறியதில்லை.

இவரைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே கதைதான். ஜெயங்கொண்டம் பக்கத்துக் குடும்பம், பையனுக்கு அரசாங்க உத்தியோகம். வந்தார்கள், சாப்பிட்டார்கள், பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். இவருடைய அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இவரோ, "ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவ கேளுங்கப்பா" என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். பாவம் அந்த மனுஷர், மகள் பேச்சைத் தட்டமாட்டாமல் போன் போட்டுக் கேட்டார். "எங்க வார்த்தைல நம்பிக்கை இல்லீங்களா? அப்படி ஒரு சம்பந்தம் எங்களுக்கு வேண்டாங்க" என்று வைத்துவிட்டார்கள். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே இதைச் சொன்னார். "ஒரு கேள்வி தாங்கல பாருங்க சார். நல்லவேளை." கத்திரிக்காய் சாதத்தை நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, கொஞ்ச நாளிலேயே திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்திருந்தார்கள். அரியலூர்க்காரர்கள் நாங்கள் கொதித்துப்போயிருந்தோம். "அரசாங்கமே இன்னொரு தடவ யோசிக்குது, நான் யோசிச்சா மட்டும் திட்டுறீங்க" என்று என்னைச் சீண்டினார். நான் ரெண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

இப்படிப்பட்டவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயம் என்ன தெரியுமா? இல்லாத ஒரு கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்ப்பது.

சாதாரண கம்ப்யூட்டரில் வேலை செய்கிற மூளை ஒன்று. அதை ப்ராசஸர் என்போம். மேடம் யோசித்து வைத்திருந்த மெஷினில் எட்டு ப்ராசஸர்கள். எட்டுக்கும் பொதுவாக ஒரே மெமரி. ஒன்று அதில் எதையாவது மாற்றினால் மற்ற ஏழுக்கும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கொரு கணக்குப் போடும். பழைய முறையில் எல்லோருக்கும் கூவிச் சொல்லுவார்கள். அப்படிக் கூவாமல், தேவைப்படுகிறவருக்கு மட்டும் சொல்லியனுப்ப மேடம் ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். அதனால் எட்டும் சேர்ந்து வேகமாக வேலையை முடிக்கும் என்பது அவர் வாதம். அந்த மெஷின் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. அதனால் அந்த எட்டு ப்ராசஸர்களைப் போலவும் அந்த மெமரியைப் போலவும் நடிக்கிற ஒரு ப்ரோக்ராமை எழுதி, எங்கள் லேபில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் ஓடவிட்டார். இதற்குப் பெயர் சிமுலேஷன். அந்தக் கற்பனை மெஷின் ஒரு நொடியில் செய்து முடிக்கிற வேலையை நடித்துக் காட்ட, எங்கள் லேப் மெஷின் நாள்கணக்கில் மூச்சு வாங்கும்.

இது அவருக்கு வெறும் ஆசை இல்லை. பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு அவர் பதிந்த காலம் பிப்ரவரியோடு முடிகிறது. ஏற்கெனவே நீட்டித்தாயிற்று, இனி நீட்டிக்க வழியில்லை. எங்கள் கல்லூரியிலும், ஆய்வேட்டைக் கொடுக்காதவர்களை அடுத்த வருஷம் வைத்துக்கொள்வதில்லை என்று மீட்டிங் போட்டே சொல்லிவிட்டார்கள். கொடுத்தால் வேலை உண்டு, கொடுக்காவிட்டால் எறையூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். லேப் என் பொறுப்பில் இருந்தது. திருச்சியில் அவருக்கு கைடாக இருந்த பேராசிரியரிடமே நானும் புதிதாகப் பதிந்திருந்தேன். அதனால் அவருடைய பதற்றத்தில் பாதி எனக்கும் தொற்றிக்கொண்டது. பாதி என்ன, முழுசும் எனக்குத்தான். அவர் நிதானமாகத்தான் இருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. லேபில் எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்பது வழக்கம். அன்றைக்கு எந்த ஆயுதமும் வேலை செய்யக்கூடாது. மேடத்தின் மெஷினோ பத்து நாளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டரில் 'ஓடிக்கொண்டிருக்கிறது, தொடாதீர்கள்' என்று அவர் ஒட்டியிருந்த காகிதத்துக்குக் கீழே, 'கும்பிட்டுக்கொள்ளலாம்' என்று எவனோ ஒரு பையன் எழுதிவைத்திருந்தான். ஆபீஸ் சூப்பரின்டெண்ட் தட்டும் கையுமாக வந்து நின்றார்.

"நிறுத்துங்கம்மா. ஒரு நாளாவது அதுக்கு ஓய்வு குடுக்க வேணாமா?"

"நிறுத்துனா மொதல்லேர்ந்து ஓட்டணும் சார். எனக்கு நாளில்ல."

"சாமி குத்தம் ஆயிடும்மா."

மேடம் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு மானிட்டரை மட்டும் அணைத்து, தன் துப்பட்டாவை எடுத்து அதன்மேல் போர்த்தினார். "தூங்குதுங்க சார், பொட்டு வையுங்க" என்றார். கீழே பெட்டிக்குள் விசிறி சுற்றுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சூப்பரின்டெண்ட் அவரை ஒரு பார்வை பார்த்தார், பிறகு சிரித்துவிட்டு மூடிய மானிட்டருக்குக் குங்குமம் வைத்தார். அந்த ஓட்டம் தப்பியது.

அது முடிந்தபோது வந்த விடை பிரமாதம். பழைய முறையைவிட மேடத்தின் முறை நல்ல வேகம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நான் கை தட்டினேன். அவர் என்ன செய்திருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா? இன்னொரு தடவை ஓடவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். மறுபடியும் அதே விடை, கடைசி இலக்கம் வரைக்கும் ஒரு புள்ளி மாறாமல். வேலையைச் சின்னதாக்கி இன்னும் பல தடவை ஓட்டினார். சின்ன வேலைக்கும் ஒவ்வொரு தடவையும் அச்சு அசலாக ஒரே விடை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா சார், இது ஒண்ணுதான் ஒரே பேச்சு பேசுது" என்றார்.

கைடுக்குப் போன் போட்டுச் சொன்னார். அவர் பெரிய ஆள், ஏகப்பட்ட மாணவர்கள், எந்நேரமும் காதில் போன். "வெரிகுட்மா, எழுதிடு" என்றார். மேடம் எழுத ஆரம்பித்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அந்தக் கார்த்திகையில் அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சியில் இருந்த அவருடைய அக்காவுக்கு உடம்பு முடியவில்லை. ஒத்தாசைக்கு மேடம் அங்கே போய்த் தங்கினார். அதனால் சில வாரம் அரியலூரிலிருந்து என்னோடு அதே காலை பஸ்ஸில் வந்தார். ஒருநாள் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். சரக்கு ரயில் ஆடி அசைந்து போகிறது. முன்னாலும் பின்னாலும் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றின லாரிகள். புழுதியில் ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் இருமல்.

"நேத்து இந்த கேட்ல மாட்டலியே சார்?"

"நேத்து கேட் போடறதுக்குள்ள தாண்டிட்டோம்."

"இன்னிக்கு ஏன் மாட்டுனோம்?"

"ஸ்டாண்டுல ஒரு அம்மா காய்கறிக் கூடைய மேல ஏத்தச் சொல்லிச்சுல்ல? அதுல செத்த நேரம் போச்சு."

"கூடை ஏத்துன நேரத்துக்கா இவ்ளோ நேரம் நிக்கிறோம்?"

"கேட் போட்டுட்டா நின்னுதான் ஆவணும். தொறந்தா லாரிக்காரன் முந்திக்குவான். அவன் பின்னாடியே ஊர்ந்துக்கிட்டுப் போவணும். அப்படியே ஏறிக்கிட்டே போவும் மேடம், இது தெரிஞ்சதுதானே?"

அவர் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அதே வண்டி, அதே டிரைவர், கிளம்புற நேரமும் அதே. ஒரு நாளாவது நேத்து வந்த நேரத்துக்கே பெரம்பலூருக்கு வந்திருக்கா சார்?"

"வந்தா ஊரே கூடிப் பாக்கும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அப்ப என் மெஷின் மட்டும் எப்படி சார் எத்தன தடவ ஓட்டுனாலும் ஒரே நேரத்துக்கு வருது?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. அவருடைய ப்ரோக்ராமில் கூடை ஏற்றச் சொல்லுகிற அம்மா கிடையாது. ஒவ்வொரு ப்ராசஸரும் மெமரியிடம் போக இத்தனை நேரம் என்று எழுதினால், மாறாமல் அத்தனை நேரம்தான். யாரும் ஒரு மூச்சு முந்துவதுமில்லை, பிந்துவதுமில்லை. நிஜ மெஷின் அப்படி இருக்காது. ஒரு ப்ராசஸர் துளி தாமதித்தால் இன்னொன்று முந்திக்கொள்ளும், அதனால் மூன்றாவது காத்திருக்கும், அப்புறம் எல்லாமே வேறு மாதிரி போகும். இவர் நூறு தடவை கேட்டாலும் கேட்டது ஒரே ஒரு தடவைதான். ஊரில் எல்லோரையும் ரெண்டு தடவை கேட்கிற மனுஷி, இந்த ஒரு இடத்தில் ஏமாந்துபோயிருந்தார்.

"விடுங்க மேடம்" என்றேன். "எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்க. யாரு கேக்கப்போறா?"

"நான் கேட்டுட்டேனே சார்" என்றார்.

அவர் செய்ய நினைத்தது சின்ன மாற்றம்தான். மெமரியிடம் போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகை தாமதத்தைக் கண்டபடி தூவிவிடுவது. ஒவ்வொரு மெஷினிலும் வேறு வேறு மாதிரி தூவி, பழைய முறையையும் தன் முறையையும் ஓட்டிப் பார்ப்பது. தன் முறை நிஜமாகவே நல்லதென்றால் எங்கே ஓட்டினாலும் ஜெயிக்க வேண்டும். சின்ன வேலையே ஆனாலும் அதற்கு ஒரு மெஷின் போதாது, லேப் முழுவதும் வேண்டும். கல்லூரி முதல்வர் முடியவே முடியாது என்றார், பையன்களுக்கு லேப் வகுப்பு நடக்க வேண்டுமே. கடைசியில் பொங்கல் விடுமுறை கிடைத்தது. கல்லூரியே காலி. ஒவ்வொரு மெஷினாகப் போய் அவர் ஓடவிட்டுக்கொண்டே வந்தார், நான் பின்னாலேயே போய் ஒயரைச் சரிபார்த்தேன்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் வீட்டிலிருந்து பொங்கலும் கத்திரிக்காய்க் கொத்சுவும் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். ரோட்டில் கொம்புக்கு வர்ணம் பூசின மாடுகள். மேடம் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் கரண்ட் ஒரு தடவை கண் சிமிட்டியது. யூ.பி.எஸ். கீச்சென்று கத்தியது. ஜெனரேட்டர் ஆள் ஊருக்குப் போயிருந்தான். இருவரும் அசையாமல் நின்றோம். எனக்குக் குலதெய்வம் வரைக்கும் வாயில் வந்தது. கத்தல் நின்றது. விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மேடம் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக முடிக்க ஆரம்பித்தன. முதல் விடை: மேடத்தின் முறை வேகம். நான் குதித்தேன். இரண்டாவது, வேகம். மூன்றாவதும் வேகம். "போதும் மேடம், இலையப் போடுங்க, சாப்பிடுவோம்" என்றேன். அடுத்ததில் பழைய முறை ஜெயித்திருந்தது. அதற்கடுத்ததிலும். அதற்கு அடுத்ததில் மேடத்தின் முறை படுத்தே விட்டது, வேகமாவது ஒன்றாவது. பிறகு மறுபடி ஜெயித்தது. மத்தியானம்வரைக்கும் இப்படியே. பொங்கல் ஆறி இறுகிப்போயிற்று.

"ஜெயிச்சதுதான் கொஞ்சம் அதிகமா இருக்கு மேடம்" என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னேன்.

"இது என்ன எலெக்ஷனா சார்?"

எனக்கு வந்ததே கோபம். "எலெக்ஷன் இல்லீங்க, உங்க வேலை! பிப்ரவரில குடுக்கலன்னா உங்கள அனுப்பிடுவாங்க. அந்தப் பழைய விடையப் போடுங்க. அது பொய் இல்லல்ல? மெஷின் குடுத்ததுதானே?" என்று கத்தினேன். காலி லேபில் என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. கடைசி மெஷின்வரைக்கும் நின்று பார்த்தார். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, இறுகின பொங்கலை எனக்கும் தனக்குமாகப் பிட்டு வைத்தார். "சாப்பிடுங்க சார், நல்ல நாளும் அதுவுமா" என்றார்.

நாலாவது அத்தியாயம் முழுவதையும் புதிதாக எழுதினார். சில நேரம் இந்த முறை வேகமாக இருக்கிறது, சில நேரம் இல்லை, எப்போது எது என்று இந்தச் சோதனைகளால் சொல்ல முடியவில்லை. இதுதான் அதன் சாரம். முடித்து, தாள்களைச் சணலால் கட்டி, திருச்சிக்குக் கொண்டுபோய் கைடின் மேஜையில் வைத்துவிட்டு வந்தார். ஒரு வாரம் போயிற்று. காலக்கெடுவுக்கு முந்தின நாள்தான் கைடு வரச்சொன்னார். கைடு கையெழுத்துப் போட்டதும், எங்கள் முதல்வரிடம் முத்திரை வாங்கி, மறுநாள் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். நானும் கூடப் போனேன். கைடு புதிய முடிவைப் பார்த்துவிட்டு என்ன சொல்வாரோ என்று வழியெல்லாம் எனக்கு உதறல்.

அறைக்கு வெளியே பத்துப் பேர் நின்றிருந்தார்கள். எங்களைக் கூப்பிட்டபோது கைடு காதில் போனோடு இருந்தார். கட்டின்மேல் தனியாக இருந்த சான்றிதழ்த் தாளை இழுத்தார், கையெழுத்துப் போட்டார். போனைக் கையால் மூடிக்கொண்டு, "அந்த ஐடியா பிரமாதம்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல? நல்ல வேகம். போய்க் குடுத்துடு" என்றார்.

"சார், நாலாவது சேப்டர்ல…" என்று மேடம் ஆரம்பித்தார்.

"எல்லாம் பாத்தேன்மா. நல்லா இருக்கு. கெளம்பு, கெளம்பு."

மேடம் வாயைத் திறந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. வேண்டாம் தாயே, இந்த ஒரு தடவை கேட்காதே என்று மனசுக்குள் கும்பிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "தேங்க்ஸ் சார்" என்று கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பெரம்பலூர் பஸ்ஸில் எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. வேர்க்கடலை வாங்கினேன், அவர் தொடவில்லை. பஸ் சமயபுரம் தாண்டியது. நான் பேசிக்கொண்டே வந்தேன். அவர் மடியிலிருந்த கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். வெகுநேரம் கழித்து அந்தச் சணல் முடிச்சைத் தொட்டுக் காட்டினார்.

"நான் போட்ட முடிச்சு சார். அப்படியே இருக்கு. பிரிக்கவே இல்ல."

"அதனால என்ன? கையெழுத்து இருக்குல்ல?"

"நல்ல வேகம்னாரு சார். வேகமில்லன்னுதானே எழுதியிருக்கேன்."

"மேடம், உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். பேசாம வாங்க."

பாடாலூரில் டீக்கு நிறுத்தினார்கள். அவர் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். டீ குடிக்கக் கட்டு எதற்கு என்று எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. பின்னாலேயே ஓடினேன். அதற்குள் ரோட்டைத் தாண்டி, திருச்சிப் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"பைத்தியமா மேடம் உங்களுக்கு? நாளைக்குக் கடைசி நாள்!"

"இன்னொரு தடவ கேட்டுட்டு வந்துடறேன் சார்."

"அப்ப நானும் வரேன்."

"நீங்க வராதீங்க. உங்க பதிவும் அவர்கிட்டதான் இருக்கு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறினார். அந்த அவசரத்திலும், "திருச்சி போவுங்களா?" என்று கண்டக்டரைக் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பஸ்ஸில் விசிலடித்துக் கூப்பிட்டார்கள். ஊர் வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவரை வாய்க்குள்ளேயே திட்டித் தீர்த்தேன். வீட்டில் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றேன். அவர் எப்போதும் வருகிற பஸ்ஸில் வந்தார். தலை பின்னி, பூ வைத்து, கையில் அதே கட்டு. கட்டுப் பிரிந்து, அவசரமாகத் திரும்பக் கட்டியிருந்தது.

"என்ன ஆச்சு மேடம்?"

"படிச்சாரு சார். சாயங்காலம்வரைக்கும் எதிர்ல உக்கார வச்சுப் படிச்சாரு. மொதப் பக்கத்துலேர்ந்து. நடுவுல போன் வந்துச்சு, எடுக்கவே இல்ல."

"அப்புறம்?"

"கையெழுத்த அடிச்சிட்டாரு."

சான்றிதழ்த் தாளை எடுத்துக் காட்டினார். கையெழுத்தின்மேல் குறுக்காக ஒரு கோடு, அழுத்திப் போட்டதில் தாளே கொஞ்சம் கிழிந்திருந்தது. தெரியாது என்று எழுதின ஆய்வேட்டைத் தன் பெயரில் அனுப்ப முடியாது என்றாராம். இன்னும் ஒரு வருஷம் வேலை செய்து, எப்போது வேகம், எப்போது இல்லை என்று கண்டுபிடித்துக்கொண்டு வா என்றாராம். அந்த ஒரு வருஷம் இவரிடம் இல்லை. அன்று சாயங்காலம் ஐந்து மணியோடு பதிவு போயிற்று. தேர்வுகள் முடிந்ததும் கல்லூரியும் அவரை அனுப்பிவிட்டது. அதெல்லாம் நடக்கும் என்று அந்த வாசலில் நின்றபோதே எங்கள் இருவருக்கும் தெரியும்.

"கைக்கு வந்தத நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே!" என்று கத்தினேன். அந்த கைடைப் போய் நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. இவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

அவர் கட்டைப் பிரித்து நாலாவது அத்தியாயத்தை எடுத்தார். பக்கமெல்லாம் பென்சில் கோடுகள். ஓரத்தில் கேள்விகள், சுழிப்புகள், ஒரு இடத்தில் 'எப்படி?', இன்னொரு இடத்தில் 'சரி'. ஒவ்வொன்றாக எனக்கு விரல் வைத்துக் காட்டிக்கொண்டே வந்தார்.

"பாருங்க சார், இந்தப் படத்துல அளவு மாத்திப் போட்டிருக்கேன். அதக்கூடக் கண்டுபிடிச்சிருக்காரு" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார், அழுதுகொண்டே சிரித்தார். "இத்தன வருஷத்துல நேத்துத்தான் சார் அவரு என்னப் படிச்சிருக்காரு."